தெமெலிஸ் சுரண்டிய முகம்

கலிம்னோஸ் தீவிலிருந்து கடற்பஞ்சு எடுக்க ஆப்பிரிக்கக் கரைக்குக் கிளம்பும் எந்தப் படகிலும் தெமெலிஸ் வரைந்த புனிதர் ஒருவர் இருப்பார். படத்தில் அவன் பெயர் இருக்காது. வரையும் நாட்களில் இறைச்சியும் எண்ணெயும் தொடமாட்டான். மகா பிடிவாதக்காரன். கடலில் புருசனைப் பறிகொடுத்த செவஸ்தி, "புனிதருக்கு எம் புருசன் சாயல்ல ஒரு முகம் போட்டுக் குடுண்ணே" என்று கெஞ்சியபோது, "புனிதர் யாருக்கும் சொந்தக்காரர் இல்ல, போ" என்று விரட்டியவன்.

அப்புறம் ஒரு கோடையில் அவன் மகன் சகெல்லாரிஸ் பஞ்சு எடுக்க முங்கியவன் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வீட்டில் அவன் போட்டோ ஒன்றுகூட இல்லை. தாய் கலோதீனா, தொலைந்ததை மீட்டுத் தரும் புனித ஃபனூரியோஸுக்கு நேர்ந்துகொண்டு, அவர் பேரில் நேர்ச்சைக் கேக் சுட்டுச் சுட்டு ஊருக்குக் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோயிலுக்கு ஃபனூரியோஸ் படம் வேண்டும் என்றார் பாதிரியார் நோமிகோஸ். தெமெலிஸ் பழைய மாதிரியைப் பார்த்துத்தான் வரைந்தான். கை கேட்கவில்லை. முடித்து நிமிர்ந்தால், மெழுகுவர்த்தி ஏந்தி நிற்பது சகெல்லாரிஸ். கலோதீனா படம் வரைந்த பலகையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"கிடைச்சிட்டான்யா! எம் புள்ள கிடைச்சிட்டான்!"

பாதிரியார் வந்து பார்த்தார்.

"தெமெலிஸ், இத நான் மந்திரிக்க முடியாதுப்பா. சனங்க உம் மகனையா கும்பிடணும்?"

வாசலில் நின்ற செவஸ்தியும் விடவில்லை. "எனக்குச் சொன்ன சட்டம் உம் மகனுக்குக் கிடையாதோ?"

அவள் கேட்டது நியாயம். அதுதான் கொடுமை.

"சுரண்டாதய்யா, இன்னொரு தடவ அவனச் சாகடிக்காத" என்று கலோதீனா புருசன் காலைப் பிடித்தாள். அவன் கத்தியை எடுத்தான். முகத்தைச் சுரண்டிவிட்டு, மாதிரியில் இருந்த முகத்தை வரைந்தான். அன்றோடு அவள் அவனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

திருநாளன்று ஊரே வரிசையில் நின்றது. படத்தில் முகத்தை யாரும் முத்தமிடுவதில்லை, கையைத்தான். கலோதீனா வேண்டாவெறுப்பாகக் குனிந்தாள். மெழுகுவர்த்தி பிடித்த கையில் சுண்டுவிரல் கோணலாக இருந்தது. சின்ன வயதில் நங்கூரக் கயிற்றில் மாட்டி சகெல்லாரிஸ் ஒடித்துக்கொண்ட விரல். முகத்தைச் சுரண்டியவன் கையைத் தொடவே இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். தூணோரம் நின்ற தெமெலிஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அந்த விரலிலிருந்து உதட்டை எடுக்க மனம் வரவில்லை.

"நகருக்கா, நாங்களும் கும்பிட வேணாமா?" என்றாள் பின்னால் நின்ற செவஸ்தி.

கலோதீனா விலகினாள். செவஸ்தி அதே விரலில் வாயை வைத்து, தன் புருசன் பெயரைச் சொல்லி அழுதாள். கலோதீனாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.