சத்தத்தைக் கூட்டியவர்கள்

நண்பர் முதன்முதலில் என் கடைக்கு வந்தபோது கையில் ஓர் அரிசிப் பை இருந்தது. உள்ளே முக்கோண வடிவில், மூன்று நரம்புகளோடு ஒரு ரஷ்ய மரவாத்தியம். பலலைக்கா என்றார். இரண்டாயிரத்து ஒன்பதின் கடைசி. பாரிசின் லா சப்பலில் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது என் தொழில். ஊரில் போர் முடிந்த செய்திகளைப் பார்த்துப் பார்த்து அந்த வருடம் தெருவில் ஒருவர் முகமும் முகமாக இல்லை. மெட்ரோ வாசலில் தோள் இடித்ததற்காகப் போத்தல் உடைத்து ஒருவர் மண்டையில் இறக்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

தொலைபேசி அட்டை வாங்க வந்தவர், என் கணினியில் ஓடிய பழைய வீடியோ கேம் இசையைக் கேட்டு நின்றுவிட்டார். நான் பத்து வயதில் பாரிசுக்கு வந்தவன். அந்த விளையாட்டுகளோடு வளர்ந்தவன். வேலை இல்லாத நேரம் அந்த இசைகளை எடுத்து ரீமிக்ஸ் செய்வேன். அவர் வாத்தியத்தை வெளியே எடுத்து அதே மெட்டைச் சுட்டுவிரலால் அடித்துக் காட்டினார். ஒரு சுரம் பிசகவில்லை.

"எங்கை அண்ணை பழகினீங்கள்?"

"மொஸ்கோவிலை. வாற வழியிலை, ஆள் ஏத்துற ஏஜென்சிக்காரன் எங்களை ஒரு பிளட்டிலை பூட்டி வைச்சவன். ஒண்டரை வருசம். வீட்டுக்காரன்ரை கேம் பெட்டியும் உதும்தான் அங்கை கிடந்தது."

அவர் மன்னார்க்காரர். செவ்ரானில் ஓர் உறவினரோடு இருந்தார். பிரான்சில் தங்குவதற்கான பேப்பர் இல்லை. அடுத்த கிழமையிலிருந்து பின்னறையில் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினோம். அந்தக் காலத்து கேம் இயந்திரங்களால் ஒரே நேரத்தில் மூன்று நான்கு குரல்களைத்தான் எழுப்ப முடியும். மேல்குரலைப் பலலைக்காவுக்குக் கொடுத்தோம். கிளிஞான்கூர் பழைய சாமான் சந்தையில் ஒரு சின்ன ரஷ்ய அக்கோர்டியனும் மரக்கரண்டிகளும் வாங்கினோம். அடிக்குரல் அக்கோர்டியனில். இயந்திரம் 'புஸ் புஸ்' என்று இரையும் இடங்களில் நான் கரண்டிகளை முழங்காலில் தட்டினேன்.

கட்டைகளை அடுக்கும் விளையாட்டின் இசையை அடிக்கச் சொல்லிக் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவர் மறுத்தார். "உது முதலே ரஷ்யாக்காரன்ரை பாட்டு. அதிலை எங்களுக்கு என்ன வேலை?" அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: கடைசிக் கோட்டைக்குள் அரக்கனோடு மோதும் கட்டத்தின் இசை. அதை அடிக்கும்போது நரம்பு அறுந்தது. நகம் பிளந்து பலகையில் இரத்தம் தெறித்தது. மெல்ல அடியுங்கள் என்றால், "மெல்ல அடிச்சா அது வராது" என்பார். இணையத்தில் போட்டோம். நிறையப் பேர் கேட்டார்கள்.

இரண்டாவது வருடம், ஒரு மதியம், கூசேன்விலில் இருந்து ஒருவர் வந்தார். விமான நிலையத்தில் வேலை. மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோவை எடிட் செய்யக் கொண்டுவந்திருந்தார். கடையில் அந்தக் கோட்டை இசை ஓடிக்கொண்டிருந்தது. பேச்சின் நடுவே அவருடைய முகம் வெளிறியது.

"தம்பி, உதை நிப்பாட்டும்."

அந்தக் குரலைக் கேட்டு நண்பர் பின்னறையிலிருந்து வந்தார். கையில் பலலைக்கா.

"நீர் மொஸ்கோவிலை இருந்தனீர்."

"இல்லை. நான் இத்தாலியாலை வந்தனான்."

முதல் அடி வாயில் விழுந்தது. முக்கோணத்தின் கூர்முனை உதட்டைக் கிழித்தது. இரண்டாவது அடியில் வாத்தியத்தின் கழுத்து முறிந்தது. நண்பர் மிச்சத்தால் அடித்தார். விழுந்தவர் சுவர்த்தட்டைப் பிடிக்க, டிவிடிகள் அவர்மேல் கொட்டின. நண்பர் குனிந்து முஷ்டியால் குத்தினார். பல் ஒன்று தரையில் கிடந்ததைப் பார்த்தேன். கீழே கிடந்தவர் "அம்மா, அம்மா" என்று கத்தினார்.

நான் இடையில் பாயவில்லை. வெளியே பொலிஸ் நடமாடும் நேரம். நண்பருக்குப் பேப்பர் இல்லை. ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டேன். தெருவுக்கு அலறல் கேட்கக் கூடாதென்று, இன்னும் ஓடிக்கொண்டிருந்த அந்த இசையைக் கூட்ட ஒலிபெருக்கியின் குமிழை முடியுமட்டும் திருப்பினேன்.

நண்பரின் கை அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணில் பயம். அடி வாங்கியவர் எழுந்து, நான் நீட்டிய துவாயை வாயில் பொத்திக்கொண்டு போனார். பொலிசுக்குப் போகவில்லை.

நாங்கள் இருவரும் தரையைத் துடைத்தோம். துடைத்தபடியே நண்பர் சொன்னார்.

"அங்கை காவல் நிண்டவங்கள், தப்பியோடப் பாத்த ஆக்களை அடுத்த அறையிலை வைச்சு அடிப்பாங்கள். பக்கத்து வீட்டுக்குக் கேக்காம இருக்க கேம் பெட்டியிலை இந்தப் பாட்டைப் போட்டு டிவியைக் கூட்டுறது. ஒரு பெடியன்ரை சத்தம் நிண்டாப்பிறகும் பாட்டு நிக்கேல்லை. இவனும் அங்கை நிண்டவன்."

அடித்தவர்களில் ஒருவன் என்று நான் விளங்கிக்கொண்டேன். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அதன்பின் நண்பர் கடைப்பக்கம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த மனிதர் வீடியோவை எடுக்க வந்தார். உதட்டில் தையல் தழும்பு. வீடியோவை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"தம்பி, நான் ஒருத்தரையும் அடிக்கேல்லை. நானும் பூட்டுப்பட்டுக் கிடந்தவன். டிவிக்குப் பக்கத்திலை படுத்தனான், அவ்வளவுதான். கூட்டு எண்டால் கூட்டுவன். கூட்டாட்டி அடுத்தது நான்."

 குமிழைத் திருப்பிய என் கையைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

அன்று பின்னேரமே நண்பருக்குத் தொலைபேசி எடுத்து அந்த மனிதர் சொன்னதைச் சொன்னேன். 

"ஓம், எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே ஏன் அண்ணை அடிச்சனீங்கள்?"

"அடிச்சவங்களை நான் எங்கை போய்த் தேட? இவன்தான் கையிலை கிடைச்சான்." பிறகு, "அந்தப் பாட்டை எடுத்துவிடு, தம்பி" என்றார்.

எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் யார்யாரோ நகல் எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். எழுதிக் கேட்டும் சிலர் நீக்கவில்லை. நண்பருக்குப் பின்னர் பேப்பர் கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். சில வருடங்களுக்கு முன் தற்செயலாக அந்த இசை என் திரையில் வந்தது. கீழே ஒரு ரஷ்யர் எழுதியிருந்தார்: இந்தக் கலைஞரின் கோபம் அற்புதம், யார் இவர், எங்கே பழகினார்? அதற்குக் கீழே பதில் எழுதும் பெட்டி வெறுமையாக இருந்தது. பக்கத்தை மூடிவிட்டேன்.