ஏழரை மணிச் சாமியார்

அங்கி அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, செல்போன் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நின்ற அவளுடைய தையல் கடைக்குள் நுழைபவர்கள், முதலில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் துணிப்பையைத் திறப்பார்கள். மாதா கோவில் சாமியார்களுக்கு அங்கி தைப்பதால் வந்த பெயர் அது. கழுத்துப் பட்டை தொண்டையை இறுக்காமல், தோள் தொங்காமல் ஒரு அங்கியைத் தைத்து முடிப்பது லேசுப்பட்ட வேலையில்லை. "சாமியாருக்குத் தொந்தி இருக்கலாம், அங்கிக்கு இருக்கக்கூடாது" என்பாள். சுற்றுவட்டாரக் கோவில்கள் அத்தனையும் அவளிடம்தான் வந்தன. கோவில்களை விட்டால் அவளுக்குப் பெரிய வாடிக்கை ஒரு டிவி கம்பெனி.

டிவி கம்பெனிக்கு உடை ஏற்பாடு செய்பவர் ஒல்லியான மனிதர். வாய் மட்டும் ஓயாது. போலீஸ் சட்டை, நர்ஸ் உடை, வக்கீல் கோட்டு என்று மாதம் ஒரு மூட்டை கொண்டுவருவார். அந்த முறை சாமியார் அங்கி ஒன்று வேண்டும் என்றார். அவளும் வழக்கம்போல, கல்யாணம் செய்து வைக்கவா, சாகப்போகிறவருக்கு ஜெபம் சொல்லவா என்று கேட்டாள். சினிமாவிலும் சீரியலிலும் சாமியாருக்கு வேறு வேலை இருந்து அவள் பார்த்ததில்லை. கதாநாயகனை ஒளித்து வைப்பார், ரவுடி பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பார், கடைசியில் சிலுவைக்குக் கீழே குண்டடிபட்டு விழுவார். தப்பே செய்யமாட்டார்.

"இவர் வில்லன்க்கா. பாட்டு கிளாஸ் நடத்துற சாமியார். அங்க வர்ற சின்னப் பொண்ணுகிட்ட தப்பா நடந்துக்கறார். ஊரே மூடி மறைக்குது. பரபரப்பா போகும்" என்றார் உடைக்காரர்.

அங்கி அக்கா கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தாள். யோசித்தாள் என்று சொல்ல முடியாது. அளவைச் சொல்லச் சொன்னாள். அந்த அங்கியை வேறு எந்த அங்கியையும்விட நேர்த்தியாகத் தைத்தாள்.

தொடர் தினமும் மாலை ஏழரை மணிக்கு வந்தது. தெருவில் அதற்கு 'ஏழரை' என்றே பெயராகிவிட்டது. கடையில் ஒரு சின்ன டிவி உண்டு. அவள் பித்தான் ஓட்டைக்கு நூல் சுற்றும் நேரத்தில், ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அதற்கு முன்னால் வந்து உட்கார்ந்தவன் அவளுடைய தம்பி.

தம்பி ரொட்டி கம்பெனி வேன் ஓட்டுகிறவன். விடிவதற்கு முன் கிளம்பி மதியத்துக்குள் வேலையை முடித்துவிடுவான். அதிகம் பேசமாட்டான். கல்யாணம் ஆகி, அது நிலைக்காமல் போய், தனியாக இருந்தான். கோவில் வாசல்படி மிதிக்கமாட்டான். அம்மா செத்தபோதுகூட, பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு கோவில் கேட் வரை வந்தவன், அங்கே வேறொருவர் தோளுக்கு மாற்றிவிட்டு, பூசை முடியும்வரை வெயிலில் வெளியே நின்றான். சொந்தக்காரர்கள் கண்டபடி பேசினார்கள். அக்கா மட்டும் வாய் திறக்கவில்லை.

அவனுக்குப் பத்து வயதிருக்கும்போது அவர்களுடைய கோவில் பங்கில் ஒரு சாமியார் இருந்தார். கலகலப்பானவர். நாடகம் போடுவார், பாடுவார், சனிக்கிழமைகளில் பங்கு மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார். பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். பூசைக்கு உதவும் பையன்களில் யாராவது ஒருவனை, படம் முடிந்ததும் வயர் சுற்ற வேண்டும் என்று நிறுத்திக்கொள்வார். தம்பியையும் நிறுத்தினார். பல சனிக்கிழமை நிறுத்தினார். கடைசியில் அவன் காய்ச்சலில் படுத்து, அம்மாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

அம்மா நேராக, கோவில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் தலைவர் வீட்டுக்குப் போனாள். தலைவர் அப்போது வங்கியில் அதிகாரி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையன் சினிமா பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போயிருக்கிறான், கண்டதைக் கற்பனை செய்கிறான் என்றார். இன்னொரு முறை இப்படிப் பேசினால் சாமியாரைப் பழித்த பாவம் குடும்பத்தைச் சும்மா விடாது என்றும் சொல்லி அனுப்பினார். அம்மா பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள், பிள்ளையின் வாயையும் மூடினாள். சில மாதம் கழித்துச் சாமியாருக்கு மாற்றல் வந்தது. மாலை போட்டு, அழுது, அனுப்பி வைத்தார்கள். அதன்பிறகு தம்பி அதைப் பற்றிப் பேசியதே இல்லை. வளர்ந்த பிறகு அக்கா ஒருமுறை பேச்செடுத்தபோது, "நான் சாகிறவரைக்கும் நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். அவளுடைய கோபத்துக்கு அன்றைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. உள்ளே கிடந்து புழுங்கிய கோபம், துணி கிழிந்த சாக்கிலும் நூல் அறுந்த சாக்கிலும் வெளியே வந்துகொண்டிருந்தது.

அப்படிப்பட்டவன் இந்தத் தொடரை ஒருநாள் விடாமல் பார்த்தான். வில்லன் சாமியார் வந்தால் முதுகு நிமிரும். அந்தப் பெண்ணின் அம்மா ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நின்று கத்தும் காட்சியில், அக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. அந்த அம்மா பேசியதைத் தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாடகம் படுமோசம் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு கதவு திறந்தால் மூன்று முறை இடி இடித்தது. ஆனாலும் அது தன் தம்பிக்கு என்னமோ செய்கிறது என்று கண்டுகொண்டவள், விளம்பர நேரத்தில்கூட அவனிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

பங்கிலும் எல்லோரும் பார்த்தார்கள். பெண்கள் அந்தப் பெண்ணுக்காகக் கண்ணைக் கசக்கினார்கள். பிறகு ஒரு ஞாயிறு பூசையில் அறிவிப்பு வந்தது. திருச்சபையை இழிவுபடுத்தும் தொடரைக் கண்டித்து டிவி கம்பெனி வாசலுக்கு ஊர்வலம். பஸ் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. முந்தின நாள் வரை அழுத பெண்களே முதலில் பெயர் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் பேரவைத் தலைவர் கடைக்கு வந்தார். வங்கியில் ஓய்வு பெற்றாலும் பேரவையில் ஓய்வு பெறாதவர். ஊர்வலத்துக்குப் பெரிய பேனர் ஒன்றும் கறுப்புக் கொடிகளும் தைத்துத் தரச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்த அங்கி நீ தைச்சதுன்னு பேசிக்கிறாங்கம்மா. என்ன கதைன்னு தெரியாம தைச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் பார்த்துக்கிறேன்."

"தெரிஞ்சுதான் சார் தைச்சேன்."

அவர் அவளையே பார்த்தார். இருவருக்கும் இடையில் எது நின்றதோ அது இருவருக்கும் தெரியும். கத்தரிக்கோலை மேசைக்கடியில் போட்டுவிட்டாள், கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று. சத்தியம் செய்து கொடுத்த வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, மிஷின் ரிப்பேர், பேனர் தைக்க முடியாது என்றாள். ஓடிக்கொண்டிருந்த மிஷினை அவர் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

அன்று முழுவதும் அவள் மனம் ஆறவில்லை. ஒரு பிள்ளை நிஜமாகவே அழுதபோது இவர்களுக்கு ஒரு பஸ் கிடைக்கவில்லை. ஒரு நடிகன் மீசையை எடுத்துவிட்டு அங்கியைப் போட்டுக்கொண்டால் நான்கு பஸ் கிடைக்கிறது. அன்றைக்குச் சினிமா பார்த்துப் பையன் கெட்டான். இன்றைக்குச் சீரியலால் சபை கெடுகிறதாம். நடுவில் கெட்டது எது என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். பாவாடைக்கு விளிம்பு மடித்துக்கொண்டே இதையெல்லாம் முணுமுணுத்ததில், விளிம்பு முழுவதும் கோணிப்போய் மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று.

ஊர்வலம் நடந்தது. டிவி கம்பெனி பயந்துவிட்டது. முதலில் யார் மனதையும் புண்படுத்தும் நோக்கமில்லை என்று எழுத்துப் போட்டார்கள். அடுத்த வாரம் கதையையே திருப்பிவிட்டார்கள். வில்லன் சாமியாரே அல்ல, நகைக் கொள்ளைக்காரன். நிஜச் சாமியாரை ஒரு பண்ணை வீட்டு நிலவறையில் கட்டிப்போட்டுவிட்டு, அவர் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தவன். நிஜச் சாமியார் தாடியும் மீசையுமாக மீட்கப்பட்டு, வெயிலைப் பார்த்துக் கண் கூசி நின்றார். அந்தப் பெண் ஓடிவந்து அவர் காலடியில் மண்டியிட்டாள். உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, மன்னித்துவிடுங்கள் என்று கதறினாள். அவர் மன்னித்தார். பின்னணியில் வயலின் ஒலித்தது.

தம்பி முதலில் சிரித்தான். பிறகு எழுந்துபோய் டிவியை அணைத்தான். ஸ்டூலில் வந்து உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, என்கிட்ட அப்படி நடந்துகிட்டவன் வேஷம் போட்டவன் இல்ல. நிஜச் சாமியார்தான்."

அவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள். "நான் போய்ச் சொல்லட்டுமாடா?" என்றாள். அவன் எழுந்து ஸ்டூலை மூலையில் நகர்த்தினான். பிறகு, சொல்லு, ஆனால் தான் உள்ளே வரமாட்டேன், கேட்டுக்கு வெளியே நிற்பேன் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் வெற்றிக்கு டீ கொடுத்தார்கள். பங்குக்குப் புதிதாக வந்த இளம் சாமியார் ஓரமாக நின்றார். தலைவர் மைக்கைப் பிடித்து, ஒற்றுமையாக நின்றால் எந்த அநியாயத்தையும் தட்டிக் கேட்கலாம் என்று பேசி முடித்ததும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் அங்கி அக்கா எழுந்துவிட்டாள். மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை.

இதே மண்டபத்தில் இதே சுவரில் துணி கட்டிப் படம் காட்டினாரே ஒரு சாமியார், அவர் படம் முடிந்து பையன்களை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒரு தாய் அழுதுகொண்டு போய்ச் சொன்னதையும், அவளுக்குக் கிடைத்த பதிலையும் சொன்னாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் குடிக்கவும் இல்லை, கப்பைக் கீழே வைக்கவும் இல்லை. தலைவர் மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"யாரும்மா அந்தப் பையன்? ஆளைக் காட்டு. காத்துல கம்பு சுத்தாத."

அவள் வாயெடுப்பதற்குள் வாசல் பக்கம் இருந்தவர்கள் திரும்பினார்கள். தம்பி உள்ளே வந்து நின்றிருந்தான். ரொட்டி கம்பெனிச் சட்டையோடுதான் வந்திருந்தான்.

"நான்தான் சார். எங்கம்மா உங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க. நீங்க கட்டில்ல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க, அவங்க நின்னுகிட்டே பேசினாங்கன்னு சொன்னாங்க."

தலைவர் பழசையெல்லாம் கிளறி யாருக்கு என்ன லாபம் என்று ஆரம்பித்தார். யாரோ ஒருவர், அநேகமாக அவருடைய மனைவிதான், சும்மா இருங்க என்று அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மறுநாள் இளம் சாமியார் கடைக்கு வந்தார். பிஷப்புக்கு எழுதப் போவதாகவும், கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். "பொறுமையை எங்கம்மாகூடவே புதைச்சாச்சு ஃபாதர்" என்றாள் அவள். நல்ல மனிதர், முகம் சிவந்துபோய் எழுதத்தான் எழுதினார். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. பரிசீலித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பழைய சாமியார், ஓய்வு பெற்ற குருக்களுக்கான இல்லத்தில் ரோஜாத் தோட்டம் போட்டுக்கொண்டு சுகமாக இருப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். அதைக் கேட்ட அன்று அவள் கடையைப் பாதியில் மூடிவிட்டாள்.

கோவில் வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. உடைக்காரர் ஒருநாள் பரபரப்பாக வந்தார். மண்டபத்தில் நடந்தது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"டைரக்டர் கேட்டுட்டு ஆடிப்போயிட்டார்க்கா. பேரை மாத்திடலாம். தம்பியைத் தங்கச்சியா மாத்திடலாம், இன்னும் உருக்கமா இருக்கும். கடைசியில மன்னிச்சிடறா மாதிரி முடிச்சா எந்தப் பிரச்சினையும் வராது."

அவர் கொண்டுவந்த துணி மூட்டையை அவர் கையிலேயே திணித்து, கடையை விட்டு இறங்கச் சொன்னாள். இறங்கியவர் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, அங்கே நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி இன்னும் நாலு வார்த்தை சொன்னாள். அவர்கள் மறைத்துச் சம்பாதித்தார்கள், நீங்கள் காட்டிச் சம்பாதிக்கப் பார்க்கிறீர்கள் என்பதுதான் அதன் சாரம். மற்றதை எழுத முடியாது. இப்போது கடையில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள்.

ஆனால் ஆள் வராமல் போகவில்லை. மண்டபத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டு, வேறு ஊரிலிருந்து ஒருவர் கடையைத் தேடி வந்தார். காய்கறி மண்டியில் கணக்கு எழுதுபவர், நரை விழுந்தவர். தம்பி இருக்கிறானா என்று கேட்டார். தானும் அந்தச் சாமியாருக்கு வயர் சுற்றியவன்தான் என்றார். இருவரும் பஸ் நிறுத்த பெஞ்சில் போய் உட்கார்ந்து பேசினார்கள். அதற்கடுத்த வாரம் இருவரும் சேர்ந்து போலீஸ் நிலையம் போவது என்று முடிவாயிற்று. அவள் கூடவே போனாள்.

அங்கே முதலில் விசாரித்த ஏட்டு, நடந்ததைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, "அந்த ஏழரை மணி சீரியல்ல வந்த மாதிரியா?" என்றார்.

"சீரியல் இல்ல சார். இவன் என் தம்பி" என்றாள் அவள். குரல் உயர்ந்ததைக் கேட்டு உள்ளே இருந்து பெண் இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். ஏட்டை அனுப்பிவிட்டு, தம்பியை மட்டும் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

அங்கி அக்கா வெளியே நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காய்கறி மண்டிக்காரர் தன் முறைக்காகக் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். அவளுக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. அம்மா மேல், தலைவர் மேல், கைதட்டியவர்கள் மேல், ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் அந்தக் கிழவர் மேல், இத்தனை வருஷம் அங்கியாகத் தைத்துக்கொண்டிருந்த தன் மேலும். எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

தம்பி வெளியே வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. சட்டை முதுகு நனைந்திருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும், எழுதிக்கொண்டார்கள் என்றும் சொன்னான். பிறகு, பசிக்கிறது என்றான்.

எதிரே இருந்த ஹோட்டலில் அவன் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அவள் தட்டில் கை வைத்தபடி இருந்தாள். "சாப்பிடுக்கா" என்றான் அவன். நீ சாப்பிடுடா என்று அதட்டினாள்.