பொன்னுரங்கத்தின் தண்ணீர்ப் படகு

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் ஒரு மீனவக் குப்பம். அங்கே எல்லா ஆண்களும் வலையோடு கிளம்பினால், பொன்னுரங்கம் மட்டும் பானைகளோடு கிளம்புவான்.

அவனும் மீன் பிடித்தவன்தான். இளவயதில் கட்டுமரம் அலையில் புரண்டு அவன்மேல் விழுந்ததில் இடது தோள் இறங்கிவிட்டது. வைத்தியர் கட்டுப்போட்டுத் தோள் கூடினாலும், அந்தக் கைக்கு வலை இழுக்கும் பலம் திரும்பவில்லை. கொஞ்ச நாள் வெறுமனே கரையில் உட்கார்ந்திருந்தான். பிறகு மாமனார் விட்டுப்போன பழைய படகை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவரத் தொடங்கினான்.

அந்தத் திட்டில் மழைக்காலத்தில் எங்கே கையால் தோண்டினாலும் நல்ல ஊற்று வரும். பங்குனி பிறந்துவிட்டால் அதே ஊற்று கரிக்க ஆரம்பித்துவிடும். சோறு பொங்கக்கூட ஆகாது. பொன்னுரங்கமும் அவன் மனைவி இருசம்மாளும் ஏரியைக் கடந்து மேற்குக் கரைக்குப் போய், வயலோரக் கிணற்றில் இறைத்து, பானை பானையாக ஏற்றி வருவார்கள். அவன் பாயையும் சுக்கானையும் பார்த்துக்கொள்வான். பானைகள் அவள் பொறுப்பு. குப்பத்துக்குப் போக மிஞ்சியதை ஏரிக்கு அப்பால் கோட்டையை ஒட்டிய ஊரில் சாயப்பட்டறை வைத்திருந்த உலகநாதன் வாங்கிக்கொள்வார். துணிக்குச் சிவப்பேற்ற அவருக்கும் உப்பில்லாத தண்ணீர் வேண்டும்.

ஒரு சித்திரையில், பானைகளை ஏற்றித் திரும்பிக்கொண்டிருக்கும்போது இருசம்மாள் காலைத் தூக்கிக்கொண்டாள்.

"இன்னாய்யா, பின்னால தண்ணி நிக்குது."

"ஏதோ பானை கசியுது மே. அடில கையை வச்சிப் பாரு."

அவள் ஒவ்வொரு பானையாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றிலும் விரிசல் இல்லை. பிறகு படகில் தேங்கியிருந்ததைக் கொட்டாங்கச்சியில் மொண்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

"இது கெணத்துத் தண்ணி இல்ல. ஏரித்தண்ணி. படகுதான் ஒழுகுது."

பொன்னுரங்கம் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கயிற்றால் தைத்த படகு என்றால் எங்காவது கொஞ்சம் கசியத்தான் செய்யும். கரைக்கு வந்ததும் பின்பக்கத் தையல் ஓட்டைகளில் தேங்காய் நாரைத் திணித்து, குங்கிலியப் பிசினைக் காய்ச்சிப் பூசினான். மறுநாள் போகும்போது படகு காய்ந்து கிடந்தது. திரும்பும்போது மறுபடியும் தண்ணீர், அதே பின்பக்கத்தில். இன்னும் நாரைத் திணித்தான், இன்னும் பூசினான். அதற்கும் அடங்கவில்லை. படகைக் குப்புறக் கவிழ்த்து அடிப்பலகை முழுக்கத் தட்டிப் பார்த்தான். பலகை கல் மாதிரி இருந்தது.

"எங்க வழியா வருதுன்னே தெரியல மே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான். இருசம்மாள் மொண்டு கொட்டும் சட்டியைப் பெரிதாக மாற்றிக்கொண்டாள்.

அப்புறம்தான் அந்தக் காற்று நாள் வந்தது. ஏரியின் நடுவில் தென்காற்று திடீரென்று பலத்தது. படகு இடப்பக்கமாகச் சாய்ந்து ஓடியது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஏறியது. இருசம்மாள் மொண்டு கொட்டக் கொட்ட உள்ளே வருவதுதான் அதிகமாக இருந்தது.

"பானையைக் கவுத்துடு மே!" என்று கத்தினான் பொன்னுரங்கம்.

அவள் கை ஒரு கணம் நின்றது. கரையில் வெறும் குடத்தோடு நிற்பவர்கள் கண்முன் வந்தார்கள். ஆனாலும் வேறு வழியில்லை. இறைத்த கை இன்னும் வலித்துக்கொண்டிருக்கும்போதே, அந்த நல்ல தண்ணீரை உப்பு ஏரியில் கொட்டினாள். கொட்டும்போது அழுதாள். படகு கொஞ்சம் நிமிர்ந்தது.

சற்றுத் தள்ளி வலை போட்டிருந்த தருமன் இதைப் பார்த்துவிட்டான். அவனும் அதே குப்பத்துக்காரன். வலையைப் பாதியில் அறுத்து விட்டுவிட்டு வந்தான். படகை ஒட்டி அணைத்து, மிச்சமிருந்த பானைகளைத் தன் படகுக்கு மாற்றிக்கொண்டு கரைவரை கூடவே வந்தான்.

கரையில் பெண்கள் காத்திருந்தார்கள். பாதிப் பானைகள் காலியாக இருப்பதைப் பார்த்தார்கள். திட்டு விழும் என்று பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினான்.

"தண்ணி போனா போவுது. ரெண்டு பேரும் முழுசா வந்து சேர்ந்தீங்களே" என்றாள் மணியம்மாள். அங்கிருந்தவர்களில் மூத்தவள் அவள். இருந்த தண்ணீரை வீட்டுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்து ஊற்றினாள். இருசம்மாளின் குடத்திலும் ஊற்றினாள்.

தருமன் படகைச் சுற்றி வந்தான். "இத்தக் கரையில ஏத்திடு மாமா. சரியாவற வரைக்கும் நாங்க ஆளுக்கு ரெண்டு பானை கொண்டாந்துடறோம். கெணறு எங்கியும் ஓடிடாது."

"உன் வலை?"

"வலைய முடிஞ்சுக்கலாம். உன்னை முடிய முடியுமா?"

பொன்னுரங்கம் தருமனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை படகை மணலில் ஏற்றிப் பனைமரத் துண்டுகள்மேல் நிறுத்தினார்கள். பொன்னுரங்கம் மறுபடியும் அடியில் குனிந்து தேடினான். இருசம்மாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போறப்போ வரல. பானை ஏத்தி வரப்போதான் வருது. நேத்து இடப்பக்கம் சாஞ்சப்போ குபுகுபுன்னு வந்துச்சு. அப்போ ஓட்டை அடில இருக்குமா? சுமை ஏத்துனா எந்த இடம் புதுசா தண்ணிக்குள்ள போவுதோ, அங்க இல்ல இருக்கும்?"

பொன்னுரங்கம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இத்தனை நாளும் தண்ணீர் நின்ற இடத்தையே தோண்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஆனால் அந்த உயரத்திலும் ஒரு பக்கம் முழுக்கத் தையல் ஓட்டைகள். எல்லாம் எண்ணெயும் குங்கிலியமும் ஏறிக் கறுத்திருந்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். வெளித்தண்ணீர் உள்ளே வரும் வழியில் உள்தண்ணீர் வெளியே போகும் என்று சொல்லி, படகுக்குள்ளேயே தண்ணீர் நிரப்பச் சொன்னான். பெண்கள் குடம் குடமாக ஏரித்தண்ணீரை ஊற்றினார்கள். ஊற்றும்போது சிந்தியதில் வெளிப்பலகையும் நனைந்தது. எது சிந்தியது, எது கசிந்தது என்று தெரியவில்லை.

அப்போதுதான் சாயப்பட்டறை உலகநாதன் வந்தார். தண்ணீர் வரவில்லையே என்று கேட்க வந்தவர், கேட்க வந்ததை மறந்து நின்று பார்த்தார்.

"கறுப்புப் பலகைல பச்சைத் தண்ணி எப்பிடிப்பா தெரியும்? இருங்க, வரேன்."

போனவர், துணி நனைத்து முடித்த சாயவேர்த் தண்ணீரை ஆட்களிடம் கொடுத்து ஓடத்தில் ஏற்றி வந்தார். வடித்துக் கொட்டவேண்டிய தண்ணீர்தான். ஆனாலும் நல்ல சிவப்பு. மணியம்மாள் வெளிப்பலகையைத் துணியால் துடைத்துச் சாம்பலை அப்பினாள். படகுக்குள் இருந்த ஏரித்தண்ணீரைக் கொஞ்சம் மொண்டுவிட்டுச் சாயத்தண்ணீரை ஊற்றி, எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள்.

"தோ! தோ பாரு!" என்று தருமன் முதலில் கத்தினான்.

பின்பக்கத்தில் இல்லை. முன்பக்கத்தில், இடதுபுறம், மேலிருந்து மூன்றாம் பலகையின் இணைப்பில் வெள்ளைச் சாம்பல்மேல் ஒரு சிவப்புக் கோடு மெல்ல இறங்கியது.

பொன்னுரங்கம் உள்ளே இறங்கி அந்த இடத்தைப் பிரித்தான். இணைப்பை மூட உள்பக்கம் வைத்துத் தைத்திருந்த வைக்கோல் திரி அங்கே மக்கிப் போயிருந்தது. முன்னால் நுழைந்த தண்ணீர் திரிக்குப் பின்னாலேயே ஒளிந்து ஓடிப் பின்பக்கம் போய்த் தேங்கியிருக்கிறது. வெளியே தையல் கயிறும் தேய்ந்திருந்தது. நங்கூரக் கல்லின் கயிறு உரசிய தேய்மானம் அது. இடது கை ஆகாததால் அவன் எப்போதும் அந்த ஒரே இடத்தில் நின்றுதான் கல்லை இழுப்பான்.

"எல்லாம் என் கையாலதானா" என்றான் மெதுவாக.

"அந்தக் கையாலதான் இத்தினி வருசம் தண்ணி குடிச்சோம்" என்றாள் மணியம்மாள்.

பழைய தையலை அறுத்துப் புதுத் திரி வைத்தார்கள். தையல் கயிற்றை இறுக்க இரண்டு நல்ல கைகள் வேண்டும். வெளியே நின்று தருமன் இழுத்தான், உள்ளே பொன்னுரங்கம் ஓட்டையில் நார் அடைத்தான், கயிறு நழுவாமல் இருசம்மாள் பிடித்துக்கொண்டாள். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார்கள். உரசும் இடத்தில் தருமன் ஒரு மரக்கட்டையையும் வைத்துக் கட்டினான். பூச்சு காயும்வரை குப்பத்துப் படகுகள் மீனோடு பானையும் சுமந்து வந்தன. ஒரு வீட்டிலும் உலை நிற்கவில்லை.

மறுபடி படகை இறக்கிய அன்று வேண்டுமென்றே பானைகளை நிறைய ஏற்றினார்கள். திரும்பும் வழியெல்லாம் இருசம்மாள் படகுக்குள் கையால் தடவிக்கொண்டே வந்தாள்.

"இன்னா மே?"

"தூசிதான்யா இருக்குது" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஐப்பசியில் மழை இறங்கி ஊற்றுகள் இனித்தன. பொன்னுரங்கத்துக்கு வேலை ஓய்ந்தது. அந்த மாதத்தில் ஒரு நாள் அவன் வீடு வீடாகப் போய், மேற்குக் கரை அம்மன் கோயிலுக்கு எல்லாரையும் தன் படகில் அழைத்துப் போவதாகச் சொன்னான். கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் முதலில் ஏறினார்கள். மணியம்மாளைக் கைபிடித்து ஏற்றி முன்னால் உட்காரவைத்தான். பானைகள் இல்லாத படகில் மனிதர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டு ஏரியைக் கடந்தார்கள்.