மஞ்சள் தூக்கல்

எங்கள் வீட்டில் குப்பை இரண்டு வகை. ஒன்று காலையில் வண்டியில் போவது. இன்னொன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் எனக்கு வருவது.

சிவகாசி நாரணாபுரம் ரோட்டில் எங்களுக்குச் சின்னதாக ஓர் அச்சகம் இருக்கிறது. இரண்டு ஆப்செட் மிஷின். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் ஓடும். புது வேலை ஏற்றும்போது கலர் சரியாக வரும்வரை பழைய தாள்களையே திரும்பத் திரும்ப மிஷினில் விடுவார்கள், நல்ல தாள் வீணாகக் கூடாதென்று. அப்படி நாலைந்து தடவை போய்வந்த தாளைப் பார்க்க வேண்டுமே! முருகனின் மயில்மேல் சரவெடி, சரவெடிமேல் மாத்திரை அட்டை, அதற்கும் மேலே யாரோ ஒரு மாப்பிள்ளையின் பெயரும் படிப்பும். எந்தக் கொம்பனாலும் யோசித்து வரைய முடியாது.

மகளுக்குக் கல்யாணமாகி அவள் அறை காலியானதும் அங்கே உட்கார்ந்து இந்தத் தாள்களை வெட்டி ஒட்ட ஆரம்பித்தேன். வருஷம் முடிந்து தூக்கிப் போடுகிற தினக் காலண்டர் அட்டைதான் எனக்குப் பலகை. ஒட்டுவதோடு நிற்கவில்லை. டப்பா அடியில் கிடக்கும் அச்சு மையைச் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுக் குழைத்துப் பூசினேன். அது காய மூன்று நாள் ஆகும். அதற்குள் ரோட்டுப் புழுதி முழுக்க வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும். முதலில் அழுகையாக வந்தது. பிறகு அந்தப் புழுதிதான் படத்துக்கே அழகு என்று பட்டது. மல்லாங்கிணறு பக்கம் அண்ணனின் பருத்திக் காட்டுக்குப் போனபோது ஒரு டப்பா கரிசல் மண்ணை அள்ளிவந்து நானே தூவினேன். டீச்சக்கை, பழைய சேலையின் ஜரிகை, தீப்பெட்டியின் உரசுபட்டை எல்லாம் ஒட்டிப் பார்த்தாயிற்று. அரிசி மாவையும் ஒட்டினேன், அதை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது.

“பொழுது போகலைன்னா வத்தல் போடலாம்ல?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். “வத்தலும் போடுறேன், இதும் போடுறேன்” என்றேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

“சாமி முகத்துல மட்டும் கத்தரி வைக்காத.”

அதனால் சாமி முகங்களை மட்டும் தனியாக எடுத்து ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறேன். பெட்டி நிறைந்துவிட்டது.

அவர் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வேலை ஓடுவதற்கு முன், கலர் சரியாக வந்த ஒரு தாளை எடுத்து அதன் ஓரத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். அதற்கு ஓகே ஷீட் என்று பெயர். அதற்குப் பின் ஓடுகிற அத்தனை தாளும் அதைப் பார்த்துத்தான் ஓட வேண்டும். வேலை முடிந்ததும் ஓகே ஷீட்டைக் கவரில் போட்டு அலமாரியில் வைப்பார்கள். நாளைக்கு வேலை கொடுத்த பார்ட்டி சண்டைக்கு வந்தால் அதுதான் சாட்சி. முப்பது வருஷமாக அவர் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். நேரில் வந்து பார்க்காமல், “அண்ணாச்சி பாத்துட்டாகல்ல, ஓட்டுங்க” என்று போனிலேயே சொல்லிவிடுகிற பார்ட்டிகள் உண்டு.

அந்தக் கண் தினமும் சாயங்காலம் டீ குடித்துவிட்டு என் அறைக்கும் வரும். “இந்த எடத்துல மெஜந்தா ஜாஸ்தி.” “பச்சை ஏன் இப்படி அழுக்கா இருக்கு?” எனக்குப் புசுபுசுவென்று கோபம் வரும். “நான் என்ன உங்க பார்ட்டியா? புடிச்சிருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க!” என்பேன். ஆனாலும் அவர் சொன்ன இடத்தை மறுநாள் காலையில் முதல் வேலையாகத் திருத்துவேன். ஊரில் என் படத்தை ஒரு படமாக மதித்துக் குறை சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

போன வருஷம் வாக்கில் குறை சொல்வது நின்றது. எதைக் காட்டினாலும் “நல்லாருக்கு” என்றார். அதே சமயத்தில் என் படங்களில் ஒரு பொன் நிறமும் ஏறியது. வெயில் சாய்கிற நேரத்து நிறம். நான் திட்டமிட்டுச் செய்யவில்லை, வருகிற தாள்களே அப்படி இருந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கை கூடிவிட்டது என்று நினைத்தேன். குறை சொல்ல அவருக்கே ஒன்றும் அகப்படவில்லை என்று நினைத்தேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

வைகாசியில் ஆனைக்குட்டம் அணையை ஒரு படமாகச் செய்தேன். மழைக்குத் தண்ணீர் வந்திருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்துவந்த இடம். இருட்டுகிற நேரம், கருப்பு மையில் தண்ணீரும் கரையும். அந்தக் கரையில் கருநீலத் தாளில் இரண்டு ஆட்களை வெட்டி ஒட்டினேன். நானும் அவரும்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்களை நான் படத்தில் வைத்தது அதுதான் முதல் தடவை.

அவர் பார்த்தார். “தண்ணி நல்லா வந்திருக்கு” என்றார். அவ்வளவுதான், டிவி பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இரண்டு நாள் பேசவில்லை. தட்டை டொக்கென்று வைத்தேன், குழம்பில் உப்பைக் கூட்டினேன். மனுஷன் அதையும் “நல்லாருக்கு” என்று சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் கை முழுக்கப் பசையாக இருந்தபோது வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். “அந்த வெள்ளைத் துண்டை எடுங்க.” எடுத்துக் கொடுத்தார். அது வெளிர் மஞ்சள். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கிண்டல் இல்லை. “அந்தக் கருப்பு?” என்று கேட்டேன். கருநீலத்தைக் கொடுத்தார்.

பசைக் கையைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டேன்.

“ஏங்க, கண்ணு சரியாத் தெரியுதா?” என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது.

“எங் கண்ணுக்கு என்ன கேடு? சிவகாசியில எவனாவது எங் கண்ணைக் குறை சொல்லியிருக்கானா? நீ சொல்ல வந்துட்ட!”

மறுநாள் அவர் தாள் வாங்க விருதுநகர் போன நேரமாகப் பார்த்து அச்சகத்துக்குப் போனேன். பெரிய மிஷினை ஓட்டுகிறவர் எங்களிடம் இருபது வருஷமாக இருக்கிறார். என்னைப் பார்த்ததுமே மிஷினை நிறுத்திவிட்டார்.

“வாங்க மதினி. அண்ணாச்சி இல்லையே.”

“தெரியும் தம்பி. உங்களைத்தான் பாக்க வந்தேன். அவுக கண்ணு எப்படி இருக்கு?”

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “ஒரு வருசமா தெரியும் மதினி” என்றார். “மஞ்சளை ஏத்துன்னு சொல்வாக. சரின்னு ஏத்துவேன். கையெழுத்துப் போட்டுட்டு அங்கிட்டுப் போனதும் பழையபடி எறக்கி, வேற ஷீட்டைப் பாத்து ஓட்டிருவேன். பார்ட்டிக்குச் சரியாத்தான் போயிருக்கு. ஒரு வேலை திரும்பி வரலை.”

“அவுககிட்ட ஏன் சொல்லலை?”

“எந்த வாயால சொல்ல? ஆனா இனிமே தாங்காது மதினி. ஆடி பொறந்தா காலண்டர் சீசன். ரெண்டு மிஷினும் ஓடணும். சின்ன மிஷினுக்கு வந்திருக்கிற ஆளு புதுசு. அண்ணாச்சி கையெழுத்துப் போட்டதை அப்படியே பாத்து ஓட்டிருவாரு. ஒரு லோடு போய்ச் சேந்துச்சுன்னா, முப்பது வருசப் பேரு போச்சு.”

கிளம்பும்போது எனக்கு ஒன்று தோன்றியது. “அவுக கையெழுத்துப் போட்ட ஷீட்டையெல்லாம் என்ன செஞ்சீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “கவர்ல வைக்க முடியாது. இங்கன போட்டா நாலு பேரு பாப்பாக. அதான்... உங்களுக்கு வர்ற கட்டுல சுருட்டி வச்சிருவேன்.”

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. தாளின் ஓரத்தை வெட்டி ஒரு பையில் போட்டுவைப்பது என் வழக்கம், புல்லும் வைக்கோலும் ஒட்டுவதற்கு ஆகும். அந்தப் பையைத் தரையில் கவிழ்த்தேன். கீற்றுக் கீற்றாக அவர் கையெழுத்து. பாதி வெட்டுப்பட்டது, முழுசாக இருப்பது, அவசரத்தில் போட்டது. என்ன கிறுக்கல் என்றுகூடப் பார்க்காமல் நான் என் கத்தரியால் நறுக்கிய கையெழுத்து. சுவரில் பார்த்தால் என்னுடைய பொன் நிறம். கை கூடிவிட்டதாம் எனக்கு! அவர் கண் மங்கமங்க என் படம் மின்னியிருக்கிறது. அன்றைக்கு என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவரிடம் எதைக் காட்டிப் புரியவைப்பது? மஞ்சளைக் காட்டிப் பயனில்லை, அதுதான் அவருக்குத் தெரியாதே. பேனாக் கையெழுத்து தெரியும். சாயங்காலம் டீயோடு அந்தக் கீற்றுகளையும் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். ஓகே ஷீட் ஒருநாளும் வேஸ்ட் கட்டில் வராது என்பது அவருக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? அவர் முகம் சிவந்தது.

“எங் கையெழுத்தைத் தள்ளிட்டு ஓட்டியிருக்கானா அவன்?”

“ஓட்டினதுனாலதான் உங்க பேரு இன்னும் இருக்கு” என்றேன். “கோபப்படுறதா இருந்தா எம்மேல படுங்க. ஒரு வருசமா இதை நறுக்கி ஒட்டிட்டு இருந்தவ நான்தான்.”

டீ ஆடை கட்டிவிட்டது. கடைசியில், “எனக்குத் தெரியும்” என்றார். “எல்லாம் பழுப்பா, டீ வடிகட்டுற துணி வழியாப் பாக்குற மாதிரி இருக்கு. மஞ்சளும் வெள்ளையும் ஒண்ணாத் தெரியுது. வெளிய சொன்னா எவன் வேலை குடுப்பான்? எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு. கலர் பாக்கத்தான் தெரியும்.” அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்த்தோம். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. ஆபரேஷன் என்றதும் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “கண்ணுல போயி கத்தி வைக்கிறதா?”

“சாமி முகத்துலதான் வைக்கக் கூடாது. நீங்க ஒண்ணும் சாமி இல்ல, பேசாமப் படுங்க” என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டது.

ஆனி முடிவதற்குள் ஒரு கண்ணுக்கு ஆயிற்று. புழுதி ஆகாது, கொஞ்ச நாளைக்கு அச்சகம் பக்கமே போகக் கூடாது என்றார்கள். ஆடி பிறந்தது. முதல் காலண்டர் வேலை ஏறிய அன்று மிஷின்காரர் போன் செய்தார். “அண்ணாச்சி, ஷீட்டை வீட்டுக்குக் கொண்டு வரவா?”

இவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். “வேண்டாம். ஓரத்துல நீயே கையெழுத்துப் போட்டு ஓட்டு” என்றார். “இத்தனை நாளு போடாமத்தான ஓட்டின.”

சொன்னதும் போனை வைத்துவிட்டார்.

கருப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்ற அன்று காலையில் அவராகவே என் அறைக்கு வந்தார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். சுவரில் இருந்த பொன் நிறப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“மஞ்சள் தூக்கல்” என்றார். அடுத்ததைப் பார்த்தார். “இதும் தூக்கல்.” எத்தனை மாதம் கழித்து ஒரு குறை! எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. “இது பூராவும் என் வேலைதானா?” என்றார்.

“ஒட்டினது நான்.”

பிறகு மூலையில் இருந்த ஆனைக்குட்டம் அட்டையை எடுத்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், ஓகே ஷீட்டைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“கரையில ரெண்டு பேரு நிக்காகளே. இது எப்ப வச்சது?”

“அன்னைக்கே வச்சதுதான்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அதுக்குத்தான் அந்த ரெண்டு நாளு பேசாம இருந்தியா?”

நான் தலையை ஆட்டினேன்.

“குழம்புல உப்புப் போட்டியே, அது எனக்குத் தெரிஞ்சுச்சு” என்றார். அட்டையை மறுபடியும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். “இதுல கலர் சரியா இருக்கு. எதையும் மாத்தாத.”