பேட்டரி அறையும் I என்ற எழுத்தும்

1. பூஜ்யம்

பொங்கல் விடுமுறையின் கடைசி நாள் மதியம், மானகிரியில் எங்கள் வீட்டில் லாகரிதம் டேபிளை வைத்துக்கொண்டு ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். விடை மாறவே இல்லை. மெட்ராஸிலிருந்து வந்த கம்ப்யூட்டர் பிரிண்ட் அவுட்டில் அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது.

எழுபதுகளில் காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கணக்கு உதவியாளராக வேலை பார்த்தேன். தற்காலிக வேலைதான். எங்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. ஃபோர்ட்ரான் புரோகிராமைக் கோடிங் ஷீட்டில் எழுதி மெட்ராஸுக்குத் தபாலில் அனுப்புவோம். அங்கே அதைக் கார்டுகளில் துளைகளாகப் பஞ்ச் செய்து, மெஷினில் ஓட்டி, விடையை அனுப்பிவைப்பார்கள்.

என் மேலதிகாரி சேதுராமன் சார் பேட்டரி அறைக்காக ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். எவ்வளவு கரண்டுக்கு எவ்வளவு வாயு என்பதுதான் கணக்கு. பெரிய கரண்டுகளுக்கு விடை நம்பும்படி இருந்தது. மிகக் குறைந்த கரண்டுக்கு மட்டும் வாயுவே வராது என்று வந்திருந்தது. அதை நம்பி, விடுமுறையில் பேட்டரிகளைக் குறைந்த கரண்டில் விட்டுவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி அறையைப் பூட்டச் சொல்லிவிட்டார் சார்.

கரண்டு கொஞ்சமாவது ஓடினால் வாயுவும் கொஞ்சமாவது வர வேண்டும். விடுமுறை முழுக்க அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது கையால் போட்ட கணக்கு, பூட்டிய அறையில் கூரைக்கடியில் தீப்பிடிக்கும் அளவுக்கு வாயு தேங்கியிருக்கலாம் என்றது.

“அத்தா, ஆபீசுக்குப் போகணும். இப்பவே” என்று அப்பாவிடம் சொன்னேன்.

“நாளைக்குத்தான தொறக்கப் போறாக?”

“தொறக்குற ஆளு லைட்டு சுவிட்சப் போட்டாலே போதும் அத்தா. அந்தப் பொறியில பத்திக்கிரும்.”

அத்தா சைக்கிளை எடுத்தார்.

2. பூட்டிய அறை

வழியில் கோவிலூரில் சார் வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு பிள்ளையார்பட்டிக்குப் போயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கேரியரில் உட்கார்ந்திருந்த எனக்கு இப்போது இரண்டு பயம். என் கணக்கு சரியாக இருந்தால் என்ன ஆகும் என்பது ஒன்று. தப்பாக இருந்தால், சாருடைய உத்தரவை அவர் இல்லாதபோது மாற்றிய, தற்காலிக வேலையில் இருக்கும் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பது இன்னொன்று.

பேட்டரி அறை வாசலில் எலெக்ட்ரீஷியன் மாயாண்டி அண்ணன் நின்றிருந்தார். வாயில் பீடி புகைந்துகொண்டிருந்தது. சாவி பூட்டுக்குள் போயிருந்தது.

“அண்ணே, தொறக்காதீக. பீடிய அணைச்சிட்டு அங்குட்டு வந்துருங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். “என்னம்மா இந்நேரத்துல? பேட்டரிக்குத் தண்ணி ஊத்தி வைக்கணும். காலையில சார் வந்து பாப்பாக.”

“உள்ள ஹைட்ரஜன் சேந்துருக்கும்ணே.”

“அதெல்லாம் வராதுன்னு மெஷினே சொல்லிருச்சுன்னு சார் சொன்னாக. இப்ப இருக்குன்னும் அவுகதான் சொன்னாகளா?”

“சார் சொல்லல. நாந்தான் சொல்றேன்.”

அவர் என்னையும் சைக்கிளோடு நின்ற அத்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பீடியை மண்ணில் தேய்த்து அணைத்தார். எங்கள் இருவரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கதவை மெதுவாக விரியத் திறந்தார். சுவிட்சைத் தொடவில்லை. ஃபேனையும் போடவில்லை. வெளியிலிருந்தே ஒரு கம்பால் மேல் ஜன்னல்களைத் தள்ளித் திறந்துவிட்டு எங்களிடம் வந்து நின்றார்.

வெயில் சாயும் வரை வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே எவ்வளவு வாயு இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

3. C கார்டு

மறுநாள் காலை என் கணக்கை சார் முன்னால் வைத்தேன். அவர் அதை வரிவரியாகப் பார்த்தார். “ஒன் கணக்கு சரிதாம்மா. அப்ப மெஷின் ஏன் பூஜ்யம்னு சொல்லுச்சு?” என்றார்.

இருவரும் கோடிங் ஷீட்டை எடுத்துவைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம். பாதியில் சாரின் பென்சில் நின்றது.

“I” என்றார். “கரண்டுக்கு I-ன்னு பேரு வச்சிருக்கேன்.”

மின்னியலில் கரண்டை I என்றுதான் எழுதுவோம். ஃபோர்ட்ரானிலோ, வேறு மாதிரி அறிவிக்காவிட்டால், I முதல் N வரையிலான எழுத்தில் தொடங்கும் பெயர் எல்லாமே இன்டிஜர். முழு எண் மட்டும்தான் அதில் நிற்கும்; புள்ளி வைத்த எண் நிற்க வேண்டுமானால் ரியல் என்று அறிவிக்க வேண்டும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது உதிர்ந்துவிடும். பெரிய கரண்டில் கொஞ்சம் உதிர்ந்தது கண்ணில் படவில்லை. ஒரு ஆம்பியருக்கும் குறைவான கரண்டு மொத்தமாகப் பூஜ்யமாகிவிட்டது. மெஷினைப் பொறுத்தவரை அது பிழையே இல்லை.

சார் அந்த எழுத்தைப் பென்சிலால் வட்டமிட்டார். பிறகு, “ஒண்ணும் ஆகலைல்லன்னு இத விட்டுறக் கூடாது” என்றார்.

அன்றே ஒரு வழக்கம் வைத்தோம். கார்டின் முதல் கட்டத்தில் C என்று போட்டால் அது கமென்ட் கார்டு. மெஷின் அதைப் பொருட்படுத்தாது. புரோகிராமின் தலைப்பில் ஒவ்வொரு வேரியபிள் பெயருக்கும் ஒரு கமென்ட் கார்டு: ‘I, ரியல், ஆம்பியர்’ என்பதுபோல, அது ரியலா இன்டிஜரா, என்ன அலகு என்று. எழுதியவர் அல்லாத ஒருவர் அந்தக் கார்டையும் கீழே உள்ள அறிவிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஷீட் தபாலுக்குப் போகும்.

வேலை கூடுகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். கொஞ்ச நாளில் உப்புக் கரைசலின் கடத்துதிறனுக்கு நான் எழுதிய புரோகிராமை சார் ஒப்பிட்டார். “K ரியல்னு கமென்ட்ல இருக்கு. கீழ அறிவிக்கவே இல்லையே ஜமீலா” என்றார். K-யும் I முதல் N வரைக்குள் வரும் எழுத்து; ஒன்றுக்கும் குறைவான அந்த விடையும் பூஜ்யமாகத்தான் வந்திருக்கும்.

இன்று கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு பெயருக்குள் என்ன மாதிரி எண் இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதை எழுதிவையுங்கள். எழுதாமல் மனதில் வைத்திருந்தால், நீங்கள் நினைத்ததும் மெஷின் எடுத்துக்கொண்டதும் வேறு வேறு என்று பக்கத்தில் இருப்பவரால் கண்டுபிடிக்க முடியாது.