விலா எலும்பு தெரிந்த சுவர்

இரும்புச் சட்டத்தில் நிறுத்தும் வீட்டில், வெளித்தகட்டுக்கும் உட்பலகைக்கும் இடையே குளிர் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருக்க வேண்டும். வீடுகளைக் கையளித்தபோது தந்த குறிப்பின் பன்னிரண்டாம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. தேயிலைத் தோட்டக் கந்தோரில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் குறிப்பைக் கடைசிப் பக்கம் வரை வாசித்த ஒரே ஆளும் நான்தான்.

ஒரே கூரையின் கீழ் வரிசை அறைகளாக நாங்கள் இருந்த லயம் மண் சரிந்து போன பிறகு எங்களுக்குக் கிடைத்தவை அந்த வீடுகள். லயத்தில் அடுத்த காம்பராவின் அடுப்புச் சூடு பொதுச் சுவர் வழியாக நம் முதுகுக்கு வரும். இங்கே ஒவ்வொரு வீடும் தனித்தனி. நான்கு பக்கமும் காற்று.

பக்கத்து வீட்டுப் பெண் கொழுந்து பறிப்பவள். அந்த மண்சரிவில் போன அவள் கணவனின் உடல் கிடைக்கவேயில்லை. குடிவந்த இரண்டாம் மாதம், ஒரு காலை என்னைக் கூப்பிட்டாள்.

"ஐயா, இதைப் பாருங்க. அவருதான்."

வெள்ளைச் சுவரில் சம இடைவெளியில் கருத்த கோடுகள். ஒருக்களித்துப் படுத்த மெலிந்த ஆளின் விலா எலும்புகள் போல. கை வைத்தேன், ஈரம்.

"உள்ள இருக்கிற இரும்பு குளிருது, அதுல ஈரம் கோக்குது, தூசி ஒட்டுது. அவ்வளவுதாம்மா."

"அப்ப பொழுது சாய தட்டுறது யாரு?"

அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் இரும்பு சுருங்கும், ஓசை வரும். அன்று மாலை அங்கேயே உட்கார்ந்து கேட்டேன். டக் என்று மேற்கு மூலையில் தொடங்கி, ஒவ்வொரு கோடாக நகர்ந்து, அவள் பாய் விரிக்கும் இடத்துக்கு நேரே நின்றது. அதற்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை.

அவள் அந்தச் சுவர் முன் விளக்கேற்றிச் சாம்பிராணி போடத் தொடங்கினாள். புகைக்கரி குளிர்ந்த கோடுகளில்தான் போய் ஒட்டும். அவள் கும்பிடக் கும்பிட விலா எலும்புகள் தெளிவாயின. இருமலும் கூடியது. இந்தக் குளிர் வீட்டில் ஒரு மாரிக்காலத்தை அவள் நெஞ்சு தாங்காது என்றார் பதுளை ஆஸ்பத்திரி டாக்டர்.

பன்னிரண்டாம் பிரிவைச் சுட்டி, மூன்று பிரதிகளோடு, வீடுகளைத் தந்த அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். பிறகு நினைவூட்டல். பிறகு நினைவூட்டலுக்கு நினைவூட்டல்.

"எழுதுங்கய்யா, எழுதுங்க. சுவரு வாசிச்சிட்டுச் சூடாயிரும்" என்றாள்.

மாரி நெருங்கியது. சுவரைத் திறந்து அடைக்க நானே திருப்புளியோடு போனேன். அவள் வாசலை மறித்தாள்.

"அடைச்சா அவருக்கு மூச்சு முட்டாதா?"

திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"குளிருக்குப் போத்திவிடுறோம்னு நெனச்சுக்கம்மா."

வழிவிட்டாள். பிறகு உள்ளே போய், கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது தலையில் போட்டுக்கொள்ளும் தன் கம்பளியை எடுத்து வந்தாள்.

பலகையைக் கழற்றினோம். உள்ளே பஞ்சு ஒரு பிடிகூட இல்லை. இரும்பில் முத்து முத்தாகத் தண்ணீர். அடியில் மட்டும், ஒரு கை அளவு ஈரச் செம்மண். மூடிய சுவருக்குள் அது எப்படி வந்தது என்பதை எந்தக் கோப்பும் சொல்லாது. அவள் அதைத் துண்டில் அள்ளி முடிந்துகொண்டாள்.

இரும்பைத் துடைத்து, அவள் கம்பளியையும், நிவாரணத்துக்கு வந்த போர்வைகளையும், என் பங்குப் போர்வைகளையும் அடைத்தோம். ஈரம் ஏறாமலிருக்க, வெள்ளித்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பைகளைப் பிரித்து மேலே கட்டினோம்.

மழை விடாமல் பெய்தும் சுவர் காய்ந்தே இருந்தது. கோடுகளைத் துடைத்தாள்; திரும்பி வரவில்லை. இருமல் அடங்கியது. தட்டும் ஓசையும் நின்றது.

"தூங்கிட்டாரு" என்றாள்.

இப்போது பொழுது சாய்ந்தால் என் வீட்டு மேற்கு மூலையில் டக் என்கிறது. இரும்புதான். எனக்குத் தெரியும்.

கடைசியில் பதில் வந்தது. பன்னிரண்டாம் பிரிவின்படி சுவருக்குள் இருக்க வேண்டியது இருப்பதாகப் பதிவுகள் காட்டுகின்றனவாம். ஆகவே சுவரைத் திறக்க வேண்டாமாம். அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"சரியாத்தானே எழுதியிருக்காங்க" என்றாள்.

அன்று தை பிறந்து மூன்றாம் நாள். மலை சரிந்து லயத்தின் மேல் இறங்கியதும் அதே தேதியில்தான்.