கெட்டிமேளத்துக்குள் ஒரு பாட்டு

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதும் எனக்கு நிச்சயமில்லை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இதை அச்சில் ஏற்றுகிறவர் பிழைகளைத் தானே திருத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நான் வைக்கும் வேலைக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பல வருஷம் ஒரு பத்திரிகைக்கு இசைச் செய்தி கொடுத்தவன் நான். அதில் ஒரு வரிகூட என் கையால் எழுதியது கிடையாது.

கடலூர் முதுநகரில் நான் பேப்பர் ஏஜென்ட். எங்கள் பக்கத்தில் பல பேப்பர்களுக்கு ஏஜென்டே பகுதிநேர நிருபரும். பாலத்தில் லாரி கவிழ்ந்தாலும், தெருவில் தண்ணீர் வராவிட்டாலும் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியர் எழுதிக்கொள்வார். எனக்கு மனிதர்களிடம் பேசுவதே கூச்சம். கடையில் நாலு பேர் நின்றால், அவர்கள் போகட்டும் என்று வெளியிலேயே நிற்கிறவன். விபத்து நடந்த இடத்தில் போய் யாரை என்ன கேட்பது? அதனால் அந்த மாதிரிச் செய்திகளை நான் சரியாகக் கொடுத்ததே இல்லை. கச்சேரி என்றால் மட்டும் போய்விடுவேன். அங்கே யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. திருவந்திபுரத்தில் உற்சவம், சிதம்பரத்தில் ஆருத்ரா என்றால் பந்தலில் கடைசி வரிசை என்னுடையது. வெளியே வந்து போனில் சொல்வேன். வார்த்தை கிடைக்காத இடத்தில், அவர் இப்படி இழுத்தார் என்று மெல்லப் பாடிக் காட்டுவேன். உதவி ஆசிரியர் அதற்கு வார்த்தை கண்டுபிடித்து எழுதுவார். அவர் என்னைவிட இருபது வயது சின்னவர். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த இசை நிருபர்.

ஒரு தடவை புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் கச்சேரி. வழக்கமாகப் போகிறவருக்குக் காய்ச்சல் என்று என்னைப் போகச் சொன்னார்கள். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கனத்த உடம்பாக ஓர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. தாளம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவர் அவசரமே இல்லாமல் பின்னால் வந்தார். தவறவிட்டுவிடப் போகிறார் என்று நானே தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன். கடைசி நொடியில் வந்து சேர்ந்துகொண்டார். சுரத்தின் மேல் நேராக உட்காராமல் பக்கத்தில் இறங்கி, வழுக்கிக்கொண்டு அதற்குள் வந்தார். குரல் நடுவில் கரகரவென்று உடைந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

வெளியே வந்து போன் போட்டேன்.

“எப்பிடி இருந்திச்சி ஏஜென்ட் அண்ணே?”

“சொல்லத் தெரில தம்பி.”

“நீங்க சொன்னாதான நான் எழுத முடியும். நல்லா இருந்திச்சா, சுமாரா?”

“இருங்க. அந்தம்மா இப்பிடிப் போனாங்க.”

வார்த்தை தெரியாததால் வாய்க்கு வந்த சத்தத்தைப் போட்டுப் பாடினேன். பாடி முடித்துவிட்டுக் கேட்டேன்.

“லைன் கட்டாயிடுச்சா தம்பி?”

“இல்லண்ணே. இன்னொரு தபா பாடுங்க.”

மறுநாள் பேப்பரில் மூன்றே வரி வந்தது. அந்தப் பாட்டுக்கு ஜாஸ், சோல் என்று பேர் சொல்வார்கள் என்பதை அதைப் படித்துத்தான் நானே தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து அது என் வாயை விட்டுப் போகவில்லை. விடியற்காலையில் சைக்கிளில் பேப்பர் போடும்போது முனகிக்கொண்டே போவேன். எங்கள் தெருவில் ஒருவருக்குத் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் ஃபேக்டரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார். ஒருநாள் பேப்பரை வாங்கிக்கொண்டு சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா ஏஜென்ட், முனகிக்கினு போற? நல்லா வாயத் தொறந்துதான் பாடேன்.”

“வேற வீட்டுக்குப் போவணும், வுடுங்க.”

“போவலாம் போவலாம். எல்லாம் நேத்து நடந்த சமாச்சாரந்தான, ஓடியா போயிடும்?”

இப்படித்தான் அவர் வீட்டில் ஞாயிறு மத்தியானம் பாட ஆரம்பித்தேன். அவர் போனில் அந்த மாதிரிப் பழைய பாட்டுகளைப் போடுவார். இங்கிலீஷ் வார்த்தை என் வாயில் திரும்பவில்லை. அதனால் நானே தெரிந்த வார்த்தைகளைப் போட்டுக் கட்டினேன். பெரிய கவிதை எல்லாம் இல்லை. ஒரு பாட்டு முழுக்க, மழை வந்திச்சி, நீ வரல, பஸ்ஸு வந்திச்சி, நீ வரல, அவ்வளவுதான். மெதுவாகப் போகும். ‘நீ வரல’ என்பதை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி சொல்ல வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு வருஷம் கழித்து அவர் மூலமாகப் புதுச்சேரியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் பாட இடம் கிடைத்தது. அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. அவரவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்கள். நான் கீபோர்டைப் பார்த்துத் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு பாடுவேன். எனக்கு அது போதுமாக இருந்தது. என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

யாரோ போனில் படம் பிடித்துவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றிச் சிதம்பரத்தில் என் மனைவியின் அண்ணனிடம் போய்விட்டது. அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த நேரம். போன் வந்தது.

“மாப்ள, முதுகக் காட்டிக்கினு பாடுறது நீதான? சட்டைய வச்சிக் கண்டுபுடிச்சேன், நான் எடுத்துக் குடுத்த சட்ட.”

“சும்மா மச்சான், பொழுதுபோவாம.”

“ஊரான் சாப்புடறதுக்கெல்லாம் பாடுற, எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பாட மாட்டியா? ரிசப்ஷன்ல நீதான். பாப்பா ஒரே அடம்.”

நான் முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

“இன்னாங்க பயம்?”

“எல்லாம் தெரிஞ்ச மொவமா இருக்கும்.”

“தெரிஞ்சவங்க கண்ணுல படாம பாடுறது இன்னா பாட்டு? ஒளிஞ்சிக்கினு பீடி குடிக்கிற மாரி. எங்க வூட்டு ஜனங்க முன்னால பாடுங்க. அங்க முடியலன்னா புதுச்சேரியும் வேணாம், வுட்டுடுங்க.”

அவள் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. அங்கே பாட முடியவில்லை என்றால் இதோடு விட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாண மண்டபம் சிதம்பரத்தில், கோயிலுக்குக் கிழக்கே. சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, மேளக்காரர்கள் மேடைக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நின்றார்கள். வரிசையாக ஆட்கள் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஓரத்தில் எனக்கும் கீபோர்டுக்காரருக்கும் இடம். முதலில் ஒரு துள்ளலான பாட்டு. யாரும் கவனிக்கவில்லை. குழந்தைகள் நாலைந்து பேர் வந்து ஆடினார்கள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில்தான் அடுத்ததாக மெதுவான பாட்டை எடுத்தேன். கீபோர்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் வாசித்தார்.

கண்ணை மூடியிருந்ததால் மற்றதை எல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாவது ‘நீ வரல’ இழுத்தபோது முன்வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாராம். மங்கலம்பேட்டைக்காரர், எதற்கும் பயப்படாதவர். மூன்றாவது ‘நீ வரல’யில் என் குரல் உடைந்தது. அவர் எழுந்துவிட்டார்.

“இன்னாய்யா இது, நல்ல நாள் அதுவுமா! கல்யாண வூட்ல வந்து ஒப்பாரி வெக்கிறாரு மனுசன்! யோவ் மேளம், ஒக்காந்து காபி குடிக்கிறியே, அடிய்யா கெட்டிமேளம்!”

கையைத் தூக்கி விரலை ஆட்டினார். கல்யாண வீட்டில் அழுகைச் சத்தம் காதில் விழக்கூடாது, விழுந்தால் கெட்டிமேளம் அடித்து அமுக்க வேண்டும். அது எல்லா மேளக்காரருக்கும் தெரிந்ததுதான். டம்ளரை வைத்துவிட்டு எடுத்தார்கள். இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரம், மேல் கூரை அதிர்ந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் தாலி கட்டுகிறார்கள் என்று நினைத்து, சாம்பார்க் கையோடு ஓடி வந்தார்கள். தாலி கட்டுவது மறுநாள் காலை என்பது யாருக்கும் அந்த நேரத்தில் ஞாபகமில்லை. வரவேற்புத் தட்டில் இருந்த பூவை அள்ளி யாரோ போட்டார். அதைப் பார்த்து எல்லோரும் போட்டார்கள். மாப்பிள்ளை பயந்துபோய்த் தன் கையில் தாலி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாராம்.

எனக்கு முதலில் மைக்கை வைத்துவிட்டு ஓட வேண்டும் என்றுதான் தோன்றியது. கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. அப்புறம் ஒன்று புரிந்தது. இந்தச் சத்தத்தில் என்னை யாராலும் கேட்க முடியாது. எனக்கே கேட்கவில்லை. தெரிந்த முகங்கள் அத்தனையும் முன்னால் இருக்கின்றன, ஒருவருக்கும் நான் கேட்கவில்லை. அப்படி ஒரு நிம்மதி எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. வாயை முழுக்கத் திறந்தேன். அதுவரை நான் முழுக்குரலில் பாடியதே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தவில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் அதற்கு மேல் மெதுவாக, எனக்கு வேண்டிய இடத்தில் இறங்கி, வேண்டிய இடத்தில் ஏறிப் போய்க்கொண்டிருந்தேன். கீபோர்டுக்காரர் வாசிக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாது.

கெட்டிமேளம் எப்போது நிற்கும் என்று ஒரு கணக்கு உண்டு. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் நிற்கும். இங்கே முடிச்சும் இல்லை, நிறுத்தச் சொல்ல ஆளும் இல்லை. சட்டென்று அவர்களே பார்த்து நிறுத்திவிட்டார்கள்.

நான் நடு வரியில் இருந்தேன். அமைதியான மண்டபத்தில் என் குரல் மட்டும், அவ்வளவு பெரியதாக, தனியாக நின்றது. பின்வாங்க வழியில்லை. கண்ணைத் திறந்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி தூணுக்குப் பக்கத்தில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. அந்த வரியை எங்கே கொண்டுபோய் விட வேண்டுமோ அங்கே கொண்டுபோய் விட்டேன்.

முதலில் பேசியது அந்த அத்தைதான்.

“இம்மாம் மேளம் அடிச்சும் நிறுத்தல பாரு! அழுத்தக்கார ஆளுய்யா ஒங்க மாப்ள!”

மண்டபமே சிரித்தது. பொண்ணு மேடையிலிருந்து, “மாமா, இன்னொண்ணு மாமா” என்று கத்தினாள். மச்சான் ஓடி வந்து என் காதில், “அழுவுறது இல்லாம எதுனா இருந்தா பாடு மாப்ள, எனுக்குச் சம்பந்தி வேணும்” என்றார். முதல் பாட்டையே திரும்பப் பாடினேன். இந்தத் தடவை ஆட்களைப் பார்த்து நின்று பாடினேன். அது சுமாராகத்தான் வந்தது.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில் நின்றபோது மூத்த தவில்காரர் வந்தார். விரலில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“தப்பா நெனச்சிக்காதீங்க. அடிக்கச் சொன்னா அடிக்கணும்.”

“அதுல ஒண்ணுமில்லீங்க.”

“நாந்தான் பசங்கள நிறுத்தச் சொன்னேன். இன்னா பாடுறீங்கன்னு கேக்கணும் போல இருந்திச்சி.” சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “இத மண்டபத்துக்குள்ள கேக்கக்கூடாது, வாசலுக்கு வரீங்களா?”

வாசல் வாழைமரத்தையும் தாண்டித் தெருவுக்குக் கூட்டிப்போய்த்தான் சொன்னார். அவருடைய அம்மா இறந்து வருஷம் முடியப் போகிறது. அண்ணாகிராமம் பக்கத்தில் வீடு. தலை திவசத்துக்கு நான் வந்து அந்தப் பாட்டைப் பாட வேண்டும்.

“எங்கூட்ல அழுவத் தெரிஞ்ச பொம்பளைங்க ஜாஸ்தி இல்லீங்க இப்போ. டிவி பொட்டியில ஒப்பாரிப் பாட்டு போடுறாங்க. எனுக்கு அது வேணாம்.”

கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் மனைவியிடம் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“கல்யாணத்துல பாடி திவசத்துக்கு ஆர்டர் புடிச்ச மொத ஆளு நீங்கதான். போங்க, நானும் வரேன்.”

உதவி ஆசிரியருக்குப் போன் போட்டு, இசைச் செய்திக்கு இனிமேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பாடுகிறவன் மற்றவர் பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது என்று பட்டது. அவர், “அப்ப இனிமே பேப்பர்ல பாடகர்னே போடலாமாண்ணே உங்க பேருக்கு முன்னால?” என்று கேட்டார். போடுங்கள் என்று சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்ததே ஆச்சரியம்தான்.

திவசத்தன்று காலையில் கொல்லையில் பலாமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். படத்துக்குப் படைத்து முடிந்ததும் என்னைப் பார்த்தார்கள். கீபோர்டுக்குக் கரண்டு இல்லை. வெறும் குரலில்தான் பாடினேன். தவில்காரர் தரையில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் அவருடைய அக்கா, “இன்னொரு தபா பாடுய்யா” என்றார். பாடினேன். இந்தத் தடவை ‘நீ வரல’ வந்தபோது அவரும் சேர்ந்துகொண்டார். அப்புறம் இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்கள் எனக்குக் கொஞ்சம் பின்னால் வந்தார்கள். நான் அவர்களுக்காகக் காத்திருந்து பாடினேன்.

நேற்றுத்தான் அது நடந்தது. மறப்பதற்குள் எழுதிவிட்டேன். இன்று வைகாசி பன்னிரண்டு, வியாழக்கிழமை.